குந்திக் களையெடுப்போர் காக்க வேண்டிய நரம்பு

தொடையின் பின்புறம் இறங்கும் சயாட்டிக் நரம்பு முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிய, அதன் வெளிக்கிளையான பெரோனியல் நரம்பு, கீழ்க்காலின் வெளிப்புற மெல்லிய எலும்பான பிபுலாவின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு வெகு அருகில் செல்கிறது. விரலுக்குத் தட்டுப்படும் எலும்புக் குமிழுக்குக் கீழுள்ள அவ்விடத்தில் அதற்குச் சதைக்காப்பு இல்லையென்றே சொல்லலாம். தொண்டாமுத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் மணிக்கணக்கில் குந்திக் களையெடுப்போருக்கு இந்நரம்பு நசுங்கினால், பாதத்தைத் தூக்கும் தசை வலுவிழந்து செருப்பு முனை தரையில் உரசும். இதுவே பாதத் தொய்வு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பதும், தாழ்ந்த மணையில் அமர்வதும் நல்லது. குதிகாலால் நடக்க இயலாவிட்டாலோ, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உணர்ச்சி மங்கினாலோ, எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் நரம்பியல் மருத்துவரைக் காண வேண்டும். தொழுநோயும் இதே நரம்பைத் தடிக்கச் செய்வதுண்டு.