கற்கும் தொலையியக்கி

வேலூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, மாதனூர் ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் ஆம்பூரை அடையலாம். அருகே ஓடும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சி தரும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் காலணி செய்யும் தொழிற்சாலைகளும் இவ்வூரிலும், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய அண்டை ஊர்களிலும் மிகுந்துள்ளன. பொழுது விடிந்ததும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து தொழிற்சாலைப் பேருந்துகள் மகளிரை ஏற்றிக்கொண்டு வருகின்றன. மாலையிலேதான் அவர்கள் இல்லம் திரும்புவர். பகலில் வீட்டைக் காத்திருப்போர் பெரும்பாலும் முதியோரே. அவர்கட்குப் பேச்சுத் துணையாக அமைந்தது தொலைக்காட்சிப் பெட்டி.

அத்தகைய இல்லம் ஒன்றை மனத்திற் கொள்வோம். அவ்வில்லத்துப் பாட்டனார் இளமை முதல் தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்து, மேஸ்திரியாக உயர்ந்து, ஓய்வு பெற்றவர். மருமகள் காலணித் தொழிற்சாலையில் தைப்பு வேலை செய்பவர். பேரன் கல்லூரி மாணவன். தோல்களைச் சுழற்றும் பெரும் பீப்பாய்களின் இரைச்சலுக்கு நடுவே பல்லாண்டு நின்றமையால் பாட்டனாருக்குச் செவிப்புலன் மங்கியிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலி மட்டும் அவருக்குப் போதவில்லை. தனியே ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியும் வேண்டியதாயிற்று.

ஆகவே அவர் முன் மூன்று தொலையியக்கிகள் கிடந்தன. இக்கருவியை மக்கள் ரிமோட் என்றே வழங்குவர். தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒன்று, கேபிள் வழியாக வரும் நிகழ்ச்சிகளைப் பிரித்துத் தரும் செட்டாப் பெட்டிக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று. மூன்றும் கறுப்பு நிறம். மூன்றுக்கும் தூசு படாதபடி பிளாஸ்டிக் உறை. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, எது எதற்குரியது என்று தெளிவதற்குள் நண்பகற் செய்தி பாதி முடிந்துவிடும். அடுத்த வீட்டுச் சிறுவனைக் கூவி அழைப்பார். நாற்பது பேரை ஏவி வேலை வாங்கிய மேஸ்திரிக்கு, ஒரு பெட்டியை ஏவுவதற்குச் சிறுவன் ஒருவனை எதிர்பார்த்திருப்பது உள்ளத்தை உறுத்திற்று.

முன்னாளில் இத்தொல்லை இருந்ததில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிய காலத்தில், எழுந்து சென்று பெட்டியிலுள்ள குமிழைத் திருகுவதே வழக்கம். காண்பதற்கு இருந்ததும் ஒரே நிலையம். அடிக்கடி திருகவேண்டிய தேவையும் இல்லை. 1990ஆம் ஆண்டுகளில் கேபிள் தொலைக்காட்சி பரவி, அலைவரிசைகள் பெருகவே, இருந்த இடத்திலிருந்தே மாற்றும் கருவி இன்றியமையாததாயிற்று. 2006ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அவற்றைப் பெற்றன. அப்பெட்டியோடு தொலையியக்கியும் ஓலைக் குடிசை வரையிற் சென்றது. பின்னர் 2017ஆம் ஆண்டு முதல் அரசு கேபிள் டிவி நிறுவனம் செட்டாப் பெட்டிகளை வழங்கலாயிற்று. பல இல்லங்களில் இரண்டாவது தொலையியக்கி நுழைந்தது அப்பொழுதேயாம்.

இவை தம்முள் ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாதது ஏன் என்பதை அறிய, தொலையியக்கி எவ்வாறு பேசுகிறது என்று பார்த்தல் வேண்டும். விசையை அமுக்கியதும் அதன் முனையிலுள்ள சிறு விளக்கு அகச்சிவப்புக் கதிரை உமிழ்கின்றது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர், கதிரவன் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்து, செந்நிறத்திற்கு அப்பால் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்துக் கண்டறிந்த கதிரே இது. நம் கண் இதனைக் காணாது. ஆயினும் பலவகைக் கைபேசிகளின் படமெடுக்கும் கண் இதனைக் காணவல்லது. விசையை அமுக்கியவாறு தொலையியக்கியின் முனையைக் கைபேசிக்கு நேரே பிடித்தால், திரையில் அச்சிறு விளக்கு மினுங்குவதைக் காணலாம். மினுங்கவில்லையெனில் மின்கலம் தீர்ந்ததோ என்று ஐயுறலாம்.

இக்கதிர் நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கும்படி அனுப்பப்படுகின்றது. வெயிலையும் விளக்கொளியையும் ஏவல் என்று பெட்டி மயங்கிக் கொள்ளாமைப் பொருட்டே இவ்வேற்பாடு. துடிப்பும் இடைவெளியும் மாறிமாறி வரும். அவ்விடைவெளியின் நீளத்திலேதான் பொருள் அடங்கியுள்ளது. பரவலாக வழங்கும் ஒரு முறையில், இடைவெளி குறுகியதாயின் அது சுழியம். ஏறக்குறைய அதன் மூன்று மடங்கு நீண்டதாயின் அது ஒன்று. இத்தகைய குறிகள் 32 சேர்ந்து ஓர் ஏவலாகும். தமிழ் பயிலும் மாணவர்க்கு இஃது அத்துணைப் புதிதன்று. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. கால அளவு மாறியதால் கல் என்பது கால் ஆகிப் பொருள் வேறுபடுகின்றதன்றோ? கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கூறினார் தொல்காப்பியர். இக்கருவியோ ஓர் இமைப்பு முடிவதற்குள் 32 குறிகளையும் சொல்லி முடித்துவிடுகின்றது.

ஒவ்வொரு நிறுவனமும் தன் பெட்டிக்குத் தனிக் குறிகளை வகுத்துக்கொண்டது. ஒன்றன் மொழி மற்றொன்றுக்கு விளங்குவதில்லை. இதற்கு மாற்றாகத் தோன்றியதே கற்கும் தொலையியக்கி. ஆப்பிள் கணிப்பொறியை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக், அந்நிறுவனப் பணியிலிருந்து விலகியபின் தாமே ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 1987ஆம் ஆண்டில் கோர் என்னும் கருவியை வெளியிட்டார். பிற தொலையியக்கிகளின் குறிகளைக் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வதோடு, ஒரே விசையால் பல ஏவல்களை வரிசையாக அனுப்பும் திறனும் அதற்கு இருந்தது. மக்களிடையே அது பெரிதும் பரவவில்லை; கற்பிக்கும் முறை எளிதாக இல்லாமையே அதற்கு ஒரு காரணம். ஆயினும் அக்கருத்து மாயவில்லை. இன்று நம் ஊர்களில் வழங்கும் செட்டாப் பெட்டித் தொலையியக்கிகள் பலவற்றில், ஒரு மூலையில் நான்கைந்து விசைகள் தனியே கட்டமிடப்பட்டிருக்கும். அவை கற்கும் விசைகள். பலர் அவற்றைப் பயன்படுத்தியதே இல்லை. எதற்காக இருக்கின்றன என்று வினவியவரும் சிலரே.

கற்பிக்கும் முறை பொதுவாக இதுவாகும். கற்பிப்பதற்குரிய விசையை, சிவப்பு விளக்கு நிலையாக எரியும் வரையில் அமுக்கிப் பிடித்தல் வேண்டும். பின்னர்க் கற்கவேண்டிய விசையை ஒருமுறை அமுக்கி, இரண்டு கருவிகளையும் சில விரற்கடை தூரத்தில் நேருக்கு நேர் வைத்து, பழைய தொலையியக்கியின் விசையை அமுக்கினால், விளக்குக் கண்சிமிட்டும். பாடம் ஏறிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. கிளிப்பிள்ளை கேட்ட சொல்லைச் சொல்வது போலக் கருவியும் கேட்ட குறியை அப்படியே சொல்லும். சொல்லின் பொருளைக் கிளி அறியாது, கருவியும் அறியாது.

ஆம்பூர் இல்லத்துப் பேரன் கோர் கருவியின் வழிவந்த தொலையியக்கி ஒன்றை வாங்கி வந்தான். மூன்று பெட்டிகளின் ஏவல்களையும் அதற்குக் கற்பித்தான். அத்துடன் அமையாது, ஒரு விசையை அமுக்கினால் மூன்றும் ஒருசேர விழிக்குமாறும், மீண்டும் அமுக்கினால் ஒருசேர உறங்குமாறும் செய்தான். அவ்விசையின்மேல் சிவப்பு வண்ணம் ஒரு துளி இட்டான். “தாத்தா, இதனை மட்டும் அமுக்குங்கள், போதும்” என்று கூறிவிட்டுச் சென்னைக் கல்லூரி விடுதிக்குச் சென்றான். மருமகள் தோல் துண்டுகளை இணைத்து அக்கருவிக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். பழைய மூன்றும் அலமாரிக்குள் சென்றன. சில திங்கள் பாட்டனார் ஒருவரையும் கூவி அழைக்கவில்லை.

ஒரு நாள் முற்பகலில் மின்சாரம் நின்று, சிறிது நேரத்தில் மீண்டும் வந்தது. செட்டாப் பெட்டி தானே விழித்துக்கொண்டது. மற்ற இரண்டும் உறங்கிய நிலையிலேயே இருந்தன. பாட்டனார் சிவப்புத் துளியை அமுக்கினார். தொலைக்காட்சியும் ஒலிபெருக்கியும் விழித்தன. செட்டாப் பெட்டி உறங்கிற்று. திரை வெறுமையாய் இருந்தது. மீண்டும் அமுக்கினார். செட்டாப் பெட்டி விழித்தது. மற்ற இரண்டும் உறங்கின. எத்தனை முறை அமுக்கியும் மூன்றும் ஒருங்கு சேரவில்லை. விழிக்கச் செய்வதற்கும் உறங்கச் செய்வதற்கும் ஒரே குறியை வைத்ததால் நேர்ந்த இடர் இது. வா என்பதற்கும் போ என்பதற்கும் ஒரே சொல்லை ஒருவன் வழங்குவானாயின், அவன் வீட்டில் யார் உள்ளே, யார் வெளியே என்பதை எவரே அறிவர்? அத்தகைய மொழியை வகுத்தவர்கள் ஒரு விசையை மிச்சப்படுத்தினார்களேயன்றி, முதியோரின் பொழுதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கருவி பழுதாயிற்று என்று முடிவு செய்து, பாட்டனார் அன்று முழுதும் வாளா இருந்தார். மாலையில் மருமகள் வந்ததும் பேரனுக்குத் தொலைபேசியில் செய்தி சென்றது. அவன் நிகழ்ந்ததைக் கேட்டு, “தாத்தா, தொலையியக்கி கெடவில்லை. அது ஏவுமேயன்றி, ஏவியது நடந்ததா என்று பார்க்காது. எந்தப் பெட்டி விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பது அதற்குத் தெரியாது” என்றான்.

“தொட்டியைப் பாராமல் ஏவுகிற மேஸ்திரி என்று சொல்” என்றார் பாட்டனார்.

அவர் கூறியது மிகப் பொருத்தமான சொல்லாகும். உப்பிட்டு வரும் தோலை முதலில் நீரில் ஊறவைத்தல் வேண்டும். பின்னர்ச் சுண்ணாம்பிட்டு, மயிரையும் சதையையும் நீக்கி, ஏறிய சுண்ணாம்பையும் போக்கிய பிறகே பதனிடும் பொருளைச் சேர்த்தல் வேண்டும். முன்னாளில் இதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. இக்காலத்தில் குரோமிய உப்பே மிகுதி. எதுவாயினும் வரிசை பிறழ்ந்தால் தோல் கெடும். வரிசை பிறழாவிடினும், ஒரு படி முடியுமுன் அடுத்ததைத் தொடங்கினாலும் கெடும். ஆதலால் நல்ல மேஸ்திரி தோலை எடுத்துக் கையால் அழுத்திப் பார்த்த பின்னரே அடுத்த ஏவலைக் கூறுவார்.

அவ்விரவில் பாட்டனும் பேரனும் தொலைபேசியிலேயே நெடுநேரம் ஆராய்ந்தனர். தொலைக்காட்சிப் பெட்டி விழித்தெழச் சில நொடிகள் ஆகும் என்பதும், அதற்குள் அனுப்பும் ஏவல் வீணாகும் என்பதும் பாட்டனாருக்கு விளங்கின. செட்டாப் பெட்டிகளில் சில, அலைவரிசை எண்ணை அமுக்கினாலும் விழித்துக்கொள்ளும். விழித்திருக்கும்பொழுது அமுக்கினால் அலைவரிசையை மாற்றுமேயன்றி உறங்காது. அவ்வீட்டுப் பெட்டியும் அவ்வகையே என்பதைச் சோதித்துக் கண்டனர். ஆகவே செட்டாப் பெட்டிக்கு எண்ணும், மற்ற இரண்டிற்கும் தனித்தனி விசையும் என்று முறை மாறிற்று. ஒரே விசையால் மூன்றையும் எழுப்பும் வசதி போயிற்று. “போகட்டும்” என்றார் அவர்.

“வரும் ஞாயிறன்று நானே வந்து மாற்றித் தருகிறேன், தாத்தா” என்றான் பேரன்.

“வேண்டாம். எப்படிக் கற்பிப்பது என்று மட்டும் சொல்” என்றார் பாட்டனார்.

அலமாரியிலிருந்து பழைய தொலையியக்கிகள் வெளியே வந்தன. மருமகள் கைபேசியை அவர் செவியருகே பிடித்துக்கொண்டார். முதன்முறை இரண்டு கருவிகளையும் முனை மாற்றி வைத்தமையால் பாடம் ஏறவில்லை. இரண்டாம் முறை விரல் நழுவிற்று. மூன்றாம் முறை சிவப்பு விளக்குக் கண்சிமிட்டியது. பேரன் சொல்லாமலே நான்காவது ஏவலையும் ஐந்தாவது ஏவலையும் அவரே கற்பித்தார். நாட்காட்டியின் பின்பக்கத்தில் முதல், இரண்டு, மூன்று என எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த விளக்கு எந்நிறத்தில் எரிதல் வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி, தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் மாட்டினார்.

மறுவாரத்தில் மின்சாரம் நின்று வந்தபொழுது, அவர் தோலுறையிலிருந்து தொலையியக்கியை எடுத்து, அமுக்காமல் கையில் வைத்துக்கொண்டு, மூன்று பெட்டிகளின் விளக்குகளையும் முதலில் நோக்கினார். செட்டாப் பெட்டி விழித்திருந்தது. அதனை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியை எழுப்பினார். படம் தோன்றும் வரையில் பொறுத்திருந்தார். பின்னர் ஒலிபெருக்கியை எழுப்பினார். நண்பகற் செய்தி தொடங்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.