டோனர் தீரும், கேரியர் தேயும்

"டோனர் இருக்கு சார், டெவலப்பர்தான் போச்சு" என்று மெக்கானிக் சொன்னதும் ஜெராக்ஸ் கடைக்காரரின் முகம் சுண்டிவிடும். டோனர் தீர்ந்துபோகும் சரக்கு, அதன் விலை அவருக்கு அத்துப்படி. டெவலப்பர் எப்போதாவது வரும் செலவு. பையைப் பிரித்தால் ஆற்றுமணலைவிட நைசான கருஞ்சாம்பல் பொடி. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் முள்ளம்பன்றிபோல் சிலிர்த்து நிற்கும். அதில் டோனர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்குதான். மற்றதெல்லாம் கேரியர் மணிகள்.

இந்த மணிகள் தாளுக்குப் போவதில்லை. டோனரோடு உரசி அதற்கு மின்னூட்டம் ஏற்றும். மேக்னெட்டிக் ரோலர்மேல் தூரிகையாக எழுந்து நின்று, பிம்பம் தாங்கும் டிரம்மிடம் டோனரைக் கொடுத்துவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பிவிடும். ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் எடுத்த முதல் பிரதிக்குக் கேரியரே கிடையாது. லைகோபோடியம் என்ற தாவரத் தூளைத் தூவி ஊதினார். 1959இல் வந்த ஜெராக்ஸ் 914இல் டோனர் கலந்த மணிகளை டிரம்மேல் சரியவிட்டார்கள். காந்தத் தூரிகை பரவலானது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு கேள்வி: உங்கள் இயந்திரத்துக்குக் கேரியர் வேண்டுமா? மேசைமேல் வைக்கும் சிறிய லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் கேரியரே இல்லை. சிலவற்றில் டோனருக்குள்ளேயே காந்தப் பொடி இருக்கும். அவற்றுக்கு டெவலப்பர் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். கேரியர் உள்ள இயந்திரம் என்றால் மேலே படியுங்கள்.

கேரியர் மணிகளில் பழைய ஆள் இரும்புத் தூள். விலை மலிவு, காந்தப் பிடிப்பு பலம்: கிராமுக்குச் சுமார் 200 ஈ.எம்.யூ. (காந்தமாதலின் அலகு). அந்தப் பலமே அதன் கோளாறு. தூரிகை விறைப்பாகி, கறுப்புப் பரப்புகளில் துடைப்பம் இழுத்த கோடு விழும். அடர்த்தி ஏறத்தாழ 7.8 என்பதால் கலக்கும் ஒவ்வொரு சுற்றிலும் டோனரைச் சம்மட்டிபோல் இடிக்கும். இடிபட்ட டோனர் சூட்டில் இளகி மணிமேல் அப்பிக்கொள்ளும். அப்பிய இடம் பிறகு மின்னூட்டம் தராது. ஈரக்காற்றில் துருவும் பிடிக்கும். மெதுவாக ஓடும் பழைய இயந்திரத்துக்கு அதைத்தான் போட வேண்டும் என்றால் போடுங்கள். புதிதாக வடிவமைப்பவர் அதன் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.

அடுத்தது ஃபெர்ரைட். அடர்த்தி 5 அளவில், காந்தமாதல் கிராமுக்கு 50 முதல் 70 ஈ.எம்.யூ. தூரிகை மிருதுவாக நிற்கும், மணிகள் உருண்டையாக வரும், துருப்பிடிக்காது. செம்பு-துத்தநாக ஃபெர்ரைட் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தது. கலிபோர்னியா போன்ற இடங்களின் கழிவு விதிகள் செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றுக்கு வரம்பு கட்டவே, மாங்கனீசு-மெக்னீசியம் ஃபெர்ரைட் முன்னுக்கு வந்தது. அதில் துளி ஸ்ட்ரான்சியம் சேர்ப்பதும் உண்டு. இதே குடும்பத்து மேக்னடைட்டுக்குக் காந்தப்பலம் சற்றுக் கூடுதல், 90 ஈ.எம்.யூ. அளவு, மின்தடை குறைவு.

மூன்றாவது, பிசினுக்குள் மேக்னடைட் பொடியைப் பொதிந்த இலகு மணி. ஃபீனாலிக் பிசின் வழக்கம், அடர்த்தி 3.5 அளவு. இடி குறைவதால் 5, 6 மைக்ரான் வண்ண டோனருக்கு இது தோது. ஃபெர்ரைட்டையே நுண்துளைகளோடு சுட்டு, துளைகளில் பிசின் நிரப்புவதும் இதே நோக்கத்துக்குத்தான். இரண்டுமே விலை கூடுதல்.

மணியின் அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிறிய மணி நல்லது என்பது பாதி உண்மை. 100 மைக்ரான் இரும்பு மணிகள் ஒரு கிராமில் 77 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரும். 35 மைக்ரான் ஃபெர்ரைட் ஏறக்குறைய 340 தரும். உரசப் பரப்பு கூடினால் அதிக டோனரைச் சுமக்கலாம், எழுத்தின் ஓரமும் கூர்மையாகும். ஆனால் மணியின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதை ரோலரோடு பிடித்துவைக்கும் காந்த விசை எட்டில் ஒன்றாகிவிடும். மேற்பரப்பு மின்னூட்டம் வழியாக அதை இழுக்கும் விசையோ நாலில் ஒன்றாகத்தான் குறையும். பிடி தளர்ந்த மணி டிரம்முக்குத் தாவும். பிரதியில் வெள்ளைப் புள்ளி, டிரம்மில் கீறல். டிரம் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் டெவலப்பரில் மிச்சம் பிடித்தது சுண்டைக்காய். இலகு மணிக்குக் காந்தப்பலமும் குறைவு என்பதால், அதை வாங்கும்போது மணி டிரம்முக்குத் தாவுகிறதா என்று சோதிப்பதைத் தவிர்க்கவே கூடாது.

உள்ளே எந்த மணி என்பதைவிட, மேலே என்ன பூச்சு என்பதே பெரிய முடிவு. டோனர் தொடுவது பூச்சைத்தானே! அக்ரிலிக் பூச்சு டோனருக்கு வலுவான எதிர்மின்னூட்டம் தரும். ஆனால் டோனர் சுலபமாக அப்பிவிடும். சிலிகோன் பூச்சில் எதுவும் எளிதில் ஒட்டாது, நாள்பட உழைக்கும். மின்னூட்டம் போதாவிட்டால் அமினோசிலேன் சேர்த்துக் கூட்டிக்கொள்ளலாம். ஃபுளூரின் சேர்ந்த பூச்சு டோனரை நேர்மின்னூட்டத்துக்குத் தள்ளும். டோனர் எந்தக் குறி என்று பார்க்காமல் பூச்சை மாற்றினால் பக்கமெங்கும் சாம்பல் படரும். மின்தடையைக் குறைக்கக் கார்பன் பிளாக் கலப்பார்கள். தடை மிக அதிகமென்றால் கட்டைக் கறுப்பின் ஓரம் மட்டும் அழுத்தமாகி நடு வெளிறும். மிகக் குறைவென்றால் மணிகள் டிரம்முக்குத் தாவும். வண்ண இயந்திரத்தில் இன்னொரு தொல்லை: தேய்ந்த பூச்சின் கார்பன் மஞ்சள் டோனரில் கலந்து அதை அழுக்காக்கும்.

என் தேர்வு இது: கறுப்பு-வெள்ளை அலுவலக இயந்திரத்துக்குச் சிலிகோன் பூசிய மாங்கனீசு ஃபெர்ரைட், 50 மைக்ரானை ஒட்டி. வேகமான வண்ண அச்சுக்கு 35 மைக்ரான் அல்லது பிசின் மணி. டோனரோடு கொஞ்சம் புதிய கேரியரும் துளித்துளியாய்ச் சேர்ந்து, பழையது வழிந்து வெளியேறும் அமைப்புள்ள இயந்திரங்களும் உண்டு. அங்கே பூச்சின் ஆயுளைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

விற்பவர் காட்டும் மின்னூட்ட எண்ணில் மயங்காதீர்கள். கிராமுக்கு 20 முதல் 40 மைக்ரோகூலோம் என்பது வழக்கமான வரம்பு. அதற்கு மேலே போனால் டோனர் மணியை விட்டு இறங்காது, பிரதி வெளிறும். கீழே போனால் தூசு பறக்கும். ஒரு நிமிடம் கலக்கியபின் எவ்வளவு, பத்து நிமிடத்துக்குப் பின் எவ்வளவு, 30 டிகிரி 80 சதவீத ஈரத்தில் எவ்வளவு, குளிர்ந்த வறண்ட அறையில் எவ்வளவு என்று நான்கையும் கேளுங்கள். ஏ.சி. இல்லாத கடையில் மழைக்காலப் பிரதி மங்குவது அந்த மூன்றாவது எண்ணால்தான்.

ஆய்வுக்கூடம் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. பழைய டெவலப்பரில் 10 கிராம் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு, அடியில் காந்தத்தைப் பிடித்தபடி சோப்புத் தண்ணீரால் அலசுங்கள். டோனர் கறுப்பாக ஓடிவிடும், மணி தங்கும். காயவைத்து எடை பாருங்கள். 9.3 கிராம் என்றால் டோனர் பங்கு ஏழு சதவீதம். இயந்திரத்துக்கு விதித்த பங்கும் அதுவே என்றிருந்து, அப்போதும் பக்கத்தில் சாம்பல் படர்ந்தால், டோனர் அளவின்மேல் பழியில்லை. மணியின் மேனி கெட்டிருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள்.