ஆகாயத்தைப் படம் பிடிப்போம், கண்ணைக் காப்போம்

நமது மாத்தளைப் பக்கத் தோட்டங்களில், பழைய டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்றை வாங்கி, கல்யாணம், சடங்கு, திருவிழா என்று படம் பிடித்து நாலு காசு பார்க்கும் பிள்ளைகள் உண்டு. அதே கமராவில் நிலாவையும் நட்சத்திரத்தையும் எடுக்கலாம். சூரியன் பக்கம் திருப்புவதற்கு முன்னால் மட்டும் இதைப் படியுங்கள்.

இந்தக் கமராவில் நாம் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்கு, லென்ஸ் வழியாக வரும் வெளிச்சமே வந்து சேர்கிறது. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்தால் கடதாசி எரியும். அதே வேலைதான் கண்ணுக்குள்ளும் நடக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும். சிலருக்கு அது மாறவே மாறாது.

2019 டிசம்பர் 26 ஆம் திகதி யாழ்ப்பாணப் பக்கம் சூரியன் வளையமாகத் தெரிந்தது. நமக்கு ஒரு பகுதி மறைவுதான். வளையமோ பிறையோ, வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது. எக்ஸ்ரே படம், கூலிங் கிளாஸ், கரி பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கமராவுக்குள் பார்ப்பதும் ஆபத்து.

சூரியனுக்கென்றே செய்த ஃபில்டரை லென்ஸின் முன்பக்கத்தில் இறுக்கமாகப் பூட்ட வேண்டும். நல்ல ஃபில்டர் லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். கீறலோ ஓட்டையோ இருந்தால் வீசிவிடுங்கள்.

ஃபில்டர் இல்லையா? கிரகண நேரத்தில் மாச் சல்லடையை வெயிலில் பிடியுங்கள். ஒவ்வொரு ஓட்டையும் தரையில் ஒரு குட்டிப் பிறையைக் காட்டும். நிழல் மரத்தின் கீழும் அப்படியே விழும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று அதைப் படம் எடுங்கள். செலவும் இல்லை, பயமும் இல்லை.

நிலாவால் கண்ணுக்குக் கெடுதி இல்லை. போயா இரவில் கமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஷட்டர் 1/200 என்று வைத்துப் பாருங்கள். நட்சத்திரத்துக்கு நிலா இல்லாத இரவு நல்லது. லென்ஸை 18 இல் வைத்து, ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 3.5, ஷட்டர் 15 முதல் 20 விநாடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுபடும். கை அசையாமலிருக்க டைமரைப் போடுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி மின்னல் அதிகம். இடிச்சத்தம் கேட்டவுடன் ஸ்டாண்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். மின்னலை உள்ளிருந்தே எடுக்கலாம். இரவில் மலைக்குத் தனியாகப் போக வேண்டாம். டோர்ச்சும் சப்பாத்தும் இல்லாமல் தேயிலைக்குள் இறங்கவும் வேண்டாம். பாம்பு இருக்கும்.

2031 மே 21 ஆம் திகதி மறுபடி ஒரு வளையக் கிரகணம் வருகிறது. அதற்குள் இந்த விஷயத்தை லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். யாராவது சூரியனைப் பார்த்துவிட்டுப் பார்வை மங்குகிறது என்றால், நாட்டு மருந்து ஊற்றாமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.