மாட்டுக் கொள்ளைநோய்ப் பரிசோதனையும் கைப்பயிற்சியும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஆகிய பகுதிகளில் பல குடும்பங்களுக்கு மாடுகளே முதலாகும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மாட்டுக் கொள்ளைநோய் இன்றியிருந்த இலங்கையில், 1987 ஆம் ஆண்டு அந்நோய் மீண்டும் புகுந்தது. இந்தியப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் அது வந்ததென ஆராய்ச்சியாளர் கருதினர். ஆடுகளில் நோய்க்குறி தோன்றாமலும் இருக்கக்கூடும். ஆதலின் இரத்தநீரைப் பரிசோதித்தல் இன்றியமையாதது.

எலைசா எனப்படும் அப்பரிசோதனை 96 சிறு குழிகளையுடைய தட்டிற் செய்யப்படும். அதன் போட்டி முறையில், இரத்தநீரிலுள்ள பிறபொருளெதிரி நிறம் தோன்றுவதைத் தடுக்கும். நிறம் குறைந்தால், விலங்குக்கு நோய் தொற்றியது என்றோ தடுப்பூசி ஏற்றப்பட்டது என்றோ கொள்ளப்படும். தட்டைச் செவ்வனே கழுவாவிடின் நிறம் மிகுந்து, நோயுற்ற மந்தையும் நோயற்றதாகத் தோன்றும். விலையுயர்ந்த கருவி இருந்தும் இப்பிழை நேரும்.

ஆகவே பயிலுநர் முதலில் வெறும் நீரையே அளந்து பழகுதல் வேண்டும். 100 மைக்ரோலீற்றர் நீர் ஏறக்குறைய 0.1 கிராம் நிறையுடையது. பத்து முறை நிறுத்துப் பத்தும் ஒத்துவரும்வரை அவரை இரத்தநீரைத் தொடவிடலாகாது. பின்னர் விடை மறைத்த மாதிரிகளைக் கொடுத்துச் சோதித்தல் நன்று. உணவு விவசாய நிறுவனமும், பெயர் வியப்பளிப்பினும், சர்வதேச அணுசக்தி முகவரகமும் இணைந்து பல நாட்டு ஆய்வுகூடங்களுக்கு இத்தகைய மாதிரிகளையும் பயிற்சியையும் வழங்கின. இலங்கையில் அந்நோய் 1994 இன் பின் காணப்படவில்லை. 2011 இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆட்டுக்கொல்லி நோயைக் கண்டறியவும் இம்முறை பயன்படுகின்றது. மிருக வைத்தியர் இரத்தம் எடுக்கும்போது, முன்னர் தடுப்பூசி ஏற்றிய நாளை மந்தைக்காரர் தவறாது கூறுதல் வேண்டும்.