தேநீரில் ஊறிய பழக் கேக்

தோட்டப்புற வீடுகளில் மாலைத் தேநீருடன் பிஸ்கட்டோ பீசாங் கோரேங்கோ உண்பது வழக்கம். கேக் என்பது பண்டிகைக்கு மட்டுமே உரியது, அதுவும் கடையில் வாங்க வேண்டியது என்ற எண்ணம் பல இல்லங்களில் நிலவுகிறது. வெண்ணெய் விலை அதிகம், கேக் சுடும் அடுப்பு இல்லை என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். இவ்விரண்டும் இன்றியே செய்யக்கூடிய பழக் கேக் ஒன்றை இங்குக் காண்போம்.

இது அயர்லாந்து நாட்டு உணவாகும். அங்கு இதனைப் 'பிராக்' என்பர். அந்நாட்டு மொழியில் அச்சொல்லுக்குப் 'புள்ளிகள் உடையது' என்பது பொருள். மாவினிடையே உலர்ந்த திராட்சை புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அப்பெயர் ஏற்பட்டது. அக்டோபர் 31ஆம் நாள் இரவு உண்ணும் பிராக்கில் மோதிரம் ஒன்றை மறைத்து வைப்பது அவர்கள் மரபு. மோதிரம் யார் துண்டில் அகப்படுகிறதோ அவருக்கு ஓராண்டிற்குள் திருமணம் என்று நம்புவர். (சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இவ்விளையாட்டு வேண்டாம்.) அப்பண்டிகைப் பிராக் ஈஸ்ட் சேர்த்துச் செய்யப்படுவது. நாம் கூறப்போவது அதனினும் எளிய தேநீர் வகை.

தேவையானவை: உலர்ந்த திராட்சை 350 கிராம், பழுப்புச் சீனி 125 கிராம், கோதுமை மாவு 225 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, முட்டை ஒன்று, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, சிறிது ஜாதிக்காய்த்தூள், பால் சேர்க்காத கடுந்தேநீர் 250 மில்லிலிட்டர். நம்மவர் கைபட்டு வளர்ந்த கேமரன் மலைத் தேயிலையே இதற்கு மிகவும் ஏற்றது. மூன்று தேக்கரண்டித் தூளைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுக.

சூடான அத்தேநீரில் சீனியைக் கரைத்துத் திராட்சையின் மீது ஊற்றி, மூடி, இரவு முழுதும் வைத்திடுக. இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரம் கூடாது. ஊறாத திராட்சை மாவிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும்; கேக் வறண்டு உதிரும். நன்கு ஊறிய பழமோ தன் ஈரத்தைக் கேக்கிற்கு அளிக்கிறது. வெண்ணெய் இல்லாத குறை தெரியாமலிருப்பது இதனால்தான். ஆகவே எஞ்சிய தேநீரை வடித்துக் கொட்டிவிடலாகாது.

மறுநாள் மாவையும் பேக்கிங் பவுடரையும் இருமுறை சலித்து, தூள்களைக் கலந்து, அடித்த முட்டையுடன் பழத்தில் சேர்த்துக் கிளறுக. மாவு மறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். மிகுதியாகக் கிளறினால் கேக் கடினமாகும். விரத நாள்களில் முட்டைக்குப் பதில் நான்கு மேசைக்கரண்டிக் கெட்டித் தயிர் சேர்க்கலாம். கேக் சற்று உதிரும், சுவை குன்றாது.

எண்ணெய் தடவிய 7 அங்குல வட்டத் தட்டில் ஊற்றி, மேலே எண்ணெய் தடவிய தாளை மூடிக் கட்டி, இட்லிச் சட்டியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும். மலாய்க்காரச் சகோதரிகள் 'கேக் கூக்குஸ்' செய்வதும் இம்முறையிலேயே. சட்டி மூடியைத் துணியால் சுற்றி, துணியின் முனைகளை நெருப்புப் படாமல் மேலே முடிந்திடுக. இல்லையேல் நீராவி சொட்டிக் கேக்கின் மேற்பகுதி குழைந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்த்துக் கொதிநீரே ஊற்றுக. தண்ணீர் வற்றிச் சட்டி கருகிப்போவதே இம்முறையில் நேரும் பெரிய விபத்து. சுடும் அடுப்பு உள்ளவர்கள் 160 பாகையில் ஒன்றேகால் மணி நேரம் சுடலாம்.

வெந்ததா என அறிய ஊசி தேட வேண்டியதில்லை. பாகான் டத்தோவில் தென்னை ஈர்க்கிற்கா பஞ்சம்? கழுவிய ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். தேங்காய் மலிந்த ஊராதலால் 50 கிராம் திராட்சையைக் குறைத்து, பொன்னிறமாக வறுத்த தேங்காய்த் துருவலைச் சேர்ப்பாரும் உளர். நமக்கும் அச்சுவை பிடிக்கும். எனினும் தேங்காய் சேர்த்த கேக்கை அன்றே உண்டு முடித்துவிட வேண்டும்.

இனிப்பைப் பற்றியும் ஒரு சொல். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் அதிகம். திராட்சையிலேயே இனிப்பு மிகுந்திருப்பதால் சீனியை 75 கிராமாகக் குறைத்தாலும் கேக் கெடாது. தேநீரைச் சீனியின்றி அருந்துவது நன்று. நீரிழிவு உள்ளவர்கள் மெல்லிய துண்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்களாக.

முழுதும் ஆறிய பிறகே துண்டு போட வேண்டும். அவித்த கேக் நம் கடலோரப் புழுக்கத்தில் இரண்டு நாளைக்கு மேல் வெளியில் தாங்காது. குளிர்ப்பெட்டியில் ஐந்து நாள் வைத்திருக்கலாம். பூஞ்சணம் கண்டால் அப்பகுதியை மட்டும் வெட்டி எறியாமல் முழுவதையும் கொட்டிவிடுக.