பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்கும் முன்

வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று கேட்டு மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் என் வீட்டுக்கு வரும் இளம் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்.

1. யாருடைய நேரத்தைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எல்லோரும் குகேஷை வைத்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியை விட்டவர், 2024 டிசம்பரில் 18 வயதில் சதுரங்க உலகச் சாம்பியன் ஆனார். உண்மைதான். அவருடைய அப்பாவையும் பாருங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரான அவர், மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தார். வீட்டுச் செலவை அம்மாவின் சம்பளம் தாங்கியது. உங்கள் வீட்டில் வேலையை விடப்போவது யார்? தம்பி, "அவள் பார்த்துக்கொள்வாள்" என்று நீங்கள் சொல்லும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறீர்களா? இதற்குப் பதில் கிடைக்காதவரை அடுத்த அறிவுரைக்குப் போகவேண்டாம்.

2. கோபத்தில் எடுக்காதீர்கள். ஆசிரியர் அடித்தார் என்றால் அது சட்டம் தடுத்த செயல். புகார் கொடுங்கள், பள்ளியை மாற்றுங்கள். கட்டணம்தான் பாரம் என்றால் பக்கத்து அரசுப் பள்ளியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

3. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 6 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி என்னும் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வியை விரும்பி எடுப்பவர்களுக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று 2012-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசே சொல்லியிருக்கிறது. ஆனாலும் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். முகம் சுளிக்காமல் உட்காரவைத்துப் பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள். செங்கல் சூளையில் நிற்கும் பிள்ளை வகுப்பறைக்கு வருவது அவர்கள் இப்படி வீடு வீடாக ஏறி இறங்குவதால்தான்.

4. டி.சி. வாங்காமல் வராதீர்கள். பள்ளிக்கல்வித் துறை பிள்ளைக்குக் கொடுத்த எமிஸ் எண்ணைக் குறித்து வையுங்கள். மதிப்பெண் பட்டியல், ஆதார், பிறப்புச் சான்று எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

5. பரீட்சைக்கு வழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.-இல் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் தேறவேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக எழுதலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. பிள்ளை பின்னால் சேர நினைக்கும் கல்லூரியும் படிப்பும் அந்தச் சான்றிதழை ஏற்கிறதா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

6. வீட்டுக்கல்வி என்றால் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு வாய்த்த ஊரைப் பாருங்கள். கீழக்குயில்குடியில் சமணர் மலை ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றின் அடியில் வட்டெழுத்தும் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டிய எழுத்து. பிள்ளை ஒவ்வொன்றாக நோட்டில் வரைந்து, நம் 'க' அன்று எப்படி இருந்தது என்று தேடட்டும். அடுத்த வாரம் கொங்கர்புளியங்குளம் குகைக்குப் போனால் அதற்கும் பல நூற்றாண்டு முந்திய தமிழி எழுத்து. பிறகு கீழடி அருங்காட்சியகம். பானை ஓட்டில் கீறிய பெயர்களைப் பிள்ளை தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்தது. கூடவே போய் உட்காருங்கள்.

7. சாயங்காலம் தெருவில் பிள்ளைகளோடு விளையாடும் நேரத்தை எந்தப் பாடத்துக்காகவும் வெட்டாதீர்கள்.

8. ஒவ்வொரு மே மாதமும் பிள்ளையிடமே கேளுங்கள் அம்மா: "பள்ளிக்குத் திரும்பணுமா?" ஆம் என்றால் வாதாடவேண்டாம். இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியில் ஈடுசெய்யச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும் அன்றே அந்தக் கோப்போடு போய் நில்லுங்கள்.