மலைக்குக் கிளம்பும் முன் டீசலைப் பேசி முடியுங்கள்

பெட்ரோல் விற்கிற விலையில் மலைக்குப் போவதையே விட்டுவிட்டோம் என்று சூலூர்ப் பக்கம் நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சூலூரில் இருந்து வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டிக்குப் போய் வர 120 கிலோமீட்டருக்குள்தான் ஆகும். லிட்டர் 70 ரூபாய் விற்ற காலத்தையும் 100 ரூபாயைத் தாண்டிய காலத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு பைக்கில் இரண்டு பேர் போய் வருவதற்குக் கூடியிருக்கும் செலவு ஆளுக்கு 50 ரூபாய்க்குள் அடங்கிவிடும். அந்த 50 ரூபாய்க்காக யாரும் வெள்ளியங்கிரி ஆண்டவரைப் பார்க்காமல் இருப்பதில்லை. கிளம்பும் முன் பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறோம். அந்த வெட்கத்துக்குத்தான் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் கூலிக்குத் தறி ஓட்டுகிறவன். பாவும் ஊடையும் வந்து இறங்குவதும், நெய்த துணி திரும்பிப் போவதும் வண்டியில்தான். டீசல் விலை ஏறினால் எங்களுக்கு அந்த வாரமே உறைக்கும். கூலி மட்டும் அப்படி ஏறுவதில்லை. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அது முடிந்து தறிச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கிய சமயத்தில்தான் எரிபொருள் விலை பாய்ந்தது.

தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் முறை 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்க நடப்பில் இருக்கிறது. ஆனாலும் 2021 நவம்பரில் இருந்து, உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும் வரை விலை அசையவில்லை. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து, கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டிய பிறகும் அசையவில்லை. தேர்தல் முடிந்ததும் 2022 மார்ச் 22-இல் தொடங்கி, ஏப்ரல் 6-க்குள் லிட்டருக்குப் பத்து ரூபாய் அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு, டீசல் 100 ரூபாய் 94 காசு. கோவையிலும் அதை ஒட்டித்தான். மத்திய அரசு கலால் வரியில் பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைத்தது மே மாதக் கடைசியில். எங்கள் கூட்டம் வெள்ளியங்கிரிக்குப் போனது இந்த இரண்டுக்கும் நடுவில், அந்த வருஷச் சித்ரா பௌர்ணமிக்கு.

நின்ற இடத்தில் எரிந்த டீசல்

ஏற்பாடு செய்தவர் எனக்கு மச்சான் முறை. டெம்போ டிராவலர் ஒன்றைப் பேசியிருந்தார். வாடகை எவ்வளவு, டீசல் யாருடையது என்று அப்போதே கேட்டேன். "அட உடு மாப்ள, சாமி காரியத்துக்குப் போறப்ப கணக்குப் பாத்துட்டு இருக்கறதா? வந்து பாத்துக்கலாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்ட நான் கஞ்சனாகிவிட்டேன்.

அவர் பேசியிருந்தது இதுதான்: நாள் வாடகை தனி, டீசல் நம் செலவு, டிரைவர் பேட்டா தனி, கணக்கு ஷெட்டில் இருந்து ஷெட் வரை. ஷெட் இருந்தது பல்லடத்தில். அங்கிருந்து சூலூருக்கு வந்து எங்களை ஏற்றுவதும், இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவதும் எங்கள் டீசலில். இதில் ஒன்றுகூடக் கூட்டத்துக்குச் சொல்லப்படவில்லை. கிளம்புகிற நேரத்தில் இரண்டு பேர் வரவில்லை என்று போன் செய்தார்கள். அவர்கள் பங்கும் மற்றவர்கள் தலையில் விழுந்தது.

பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரி ஏறத் தொடங்கினோம். மச்சானும் இன்னொருவரும் முட்டி வலி என்று முதல் மலையில் இருக்கும் வெள்ளை விநாயகர் கோயில் வரைகூட வரவில்லை, வண்டியிலேயே படுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஏழாவது மலையில் தரிசனம் முடித்து, மறுநாள் உச்சி வெயிலில் இறங்கி வந்தோம். வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏ.சி. போட்டிருந்தார்கள். வண்டிக்கு அடியில் ஏ.சி. தண்ணீர் சொட்டிச் சொட்டி, வறண்டு கிடந்த அந்த மண்ணில் குட்டை கட்டியிருந்தது. டிரைவர் தம்பியைக் கேட்டேன். "ராத்திரியே நிறுத்தட்டுமான்னு கேட்டனுங்ணா. புழுங்குது, ஓடட்டும்னு சொல்லிட்டாருங்க" என்றார்.

அந்த மாதிரி வண்டி ஏ.சி.யோடு நின்ற இடத்தில் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் டீசல் குடிக்கும். சூலூரில் இருந்து பூண்டிக்குப் போய் வர எரிந்தது பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர். ராத்திரியும் காலையும் சேர்த்து நின்ற இடத்தில் எரிந்ததும் ஏறக்குறைய அதே அளவு. லிட்டர் 100 ரூபாய்க்கு விற்ற டீசல், ஓர் அடிகூட நகராத வண்டியில் எரிந்தது.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் டேங்க்கை நிரப்பி பில்லை நீட்டினார்கள். நாங்கள் தோராயமாக நினைத்திருந்த தொகையின் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. "டீசல் விக்கற வெலைக்கு நாம என்ன பண்றது மாப்ள?" என்றார் மச்சான். அந்தப் பேச்சுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. டீசல் லிட்டருக்குப் பத்து ரூபாய் குறைவாக விற்றிருந்தால் வண்டி முழுவதற்கும் சேர்த்து 300, 400 ரூபாய் மிச்சமாகியிருக்கும். அவ்வளவுதான் விலையேற்றத்தின் பங்கு. மீதி முழுவதும் பேசாமல் விட்டதற்கு ஆன செலவு. எங்கள் கூட்டத்தில் ஒருவர் தறி நின்ற நாட்களில் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டவர். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். சாமி காரியத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்கிற பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது: இல்லாதவன் வாயைத் திறக்க முடியாமல் கொடுக்க வேண்டும், பெருந்தன்மை என்ற பெயர் ஏற்பாடு செய்தவருக்குப் போகும்.

வண்டி பேசுகிறவர்களுக்கு

முதியவர்களைக் கூட்டிப் போக வேண்டியிருந்தால் வேன் எடுங்கள், தவறில்லை. ஆனால் டீசல் உட்பட மொத்தம் இவ்வளவு என்று பேசுங்கள். கிலோமீட்டர் கணக்கு என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் போடுவார்கள், ஷெட் எங்கே இருக்கிறது, பேட்டா எவ்வளவு, பார்க்கிங் யார் கொடுப்பது, மலைப்பாதை என்றால் தனியாக வாங்குவார்களா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சூலூருக்குப் பக்கத்தில் ஷெட் உள்ள வண்டியைத் தேடினால் அதிலேயே கொஞ்சம் பாரம் குறையும். வண்டி நின்றால் எஞ்சினும் நிற்க வேண்டும் என்று டிரைவரிடமும் கூட்டத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் வராதவருக்குத் திருப்பித் தரக்கூடாது. இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பணம் கொடுத்தவன் கட்டாயம் வருவான்.

வாடகை வண்டியால் இன்னொரு கெடுதலும் உண்டு. கீழே வண்டி காத்திருக்கிறது, மணிக்கணக்கில் காசு ஏறுகிறது என்ற நினைப்பிலேயே ஆட்கள் மூச்சு வாங்க வாங்க மலை ஏறுகிறார்கள். 2024 சீசனில் வெள்ளியங்கிரியில் மூச்சுத் திணறியும் மாரடைப்பாலும் பக்தர்கள் பலர் இறந்தார்கள். இருதய நோய், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஏற வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். வாடகையை நினைத்துக்கொண்டு ஏறுகிற மலை இல்லை அது.

அரசு பஸ் போதும்

அந்த வருஷத்துக்குப் பிறகு நான் பஸ்ஸில்தான் போகிறேன். கேலி பேசியவர்களில் சிலர் இப்போது என்னோடு அதே பஸ்ஸில் வருகிறார்கள்.

கணக்கு எளிது. அரசுப் பேருந்துக் கட்டணம் 2018 ஜனவரியில் உயர்ந்தது. அப்போது டீசல் 70 ரூபாயைத் தொடவில்லை. 2022-இல் 100 ரூபாயைத் தாண்டியபோதும் அந்தக் கட்டணத்தில் கை வைக்கவில்லை. எரிபொருள் விலையில் இருந்து உங்களைக் காப்பாற்றும் ஒரே வண்டி அதுதான். சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டுக் குளித்துக் கிளம்பினால் சூலூரில் இருந்து காந்திபுரம், காந்திபுரத்தில் இருந்து பூண்டி. நள்ளிரவுக்கு முன் ஏறத் தொடங்கலாம். இறங்கி வந்த பிறகு கால் வலியோடு நின்றுகொண்டு வர வேண்டுமே என்று பயப்படாதீர்கள். பஸ் கிளம்பும் இடமே பூண்டி என்பதால், சிவராத்திரி, சித்ரா பௌர்ணமிக் கூட்டம் தவிர மற்ற நாட்களில் உட்கார இடம் கிடைக்கும். கடைசி பஸ் நேரத்தை மட்டும் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெண்களோடு போவதென்றால் மருதமலை இருக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்தில் இருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை. காந்திபுரத்தில் 70-ஆம் நம்பர் ஏறினால் அடிவாரம். 837 படி. கோயில் பஸ்ஸில் மேலே போகாமல் படியில் ஏறி இறங்கினால் வெள்ளியங்கிரிக்கு முன்னால் முட்டிக்கு நல்ல பழக்கம். இன்னும் வேண்டுமென்றால் சென்னிமலை, 1,320 படி.

ஊட்டி, வால்பாறை போகிறவர்களும் காரை வீட்டில் நிறுத்தலாம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 நவம்பரில் இருந்து வால்பாறைக்கும் அப்படித்தான். அரசு பஸ்ஸில் போனால் இந்த வேலை இல்லை. வால்பாறைக்குப் பொள்ளாச்சியில் பஸ் மாறினால் ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவையும் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போகலாம். அந்த நாற்பது வளைவில் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஏறும்போது கார் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

பைக்தான் வேண்டும் என்கிற இளைஞர்களுக்கு

டயர் காற்றைக் கிளம்பும் அன்று பாருங்கள். டேங்க்கைச் சமவெளியிலேயே நிரப்புங்கள். மலை மேல் விலை சற்றுக் கூடுதல். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்காதீர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததில் இருந்து பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் கிடையாது, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை அதுவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். பூண்டி ரோட்டில் யானை குறுக்கே வரும், அதனால் இருட்டும் முன் அடிவாரம் சேர்ந்துவிடுங்கள்.

வண்டிச் செலவும் கட்டணமும் மிச்சம் என்று பக்கத்துக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைகிற கூட்டமும் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்கள் 23 பேர் இறந்ததை மறந்துவிடக் கூடாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் உள்ளன. கோவை மாவட்டத்திலேயே டாப்ஸ்லிப், ஆழியாறு, சிறுவாணிப் பக்கம் எல்லாம் வழிகாட்டியோடு நடக்கலாம். கட்டணம் அதிகம் என்கிறார்கள். காருக்குப் பெட்ரோல் போடும் காசில் பஸ்ஸில் போய் இறங்குங்கள், அந்தக் கட்டணத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும்.

வெள்ளியங்கிரிப் பாதை பிப்ரவரியில் திறந்து மே வரை இருக்கும். இந்த வருஷமும் உங்கள் கூட்டத்தில் ஒருவர் வண்டி பேசிவிட்டு, "வந்து பாத்துக்கலாம்" என்பார். அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், ஆளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். கஞ்சன் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். கேட்க முடியாமல் பக்கத்தில் நிற்கிறவனுக்காகவும் சேர்த்துத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.